பழைய காரின் பற்று வரவு

சென்ற வருஷம் லால்குடியில் எங்கள் பழைய வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டி வந்தது. பரண்மேல் கிடந்த தகரப் பெட்டியைத் திறந்தபோது, சிவப்புத் துணி அட்டை போட்ட கணக்குப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே 'மோட்டார் செலவு' என்று அப்பாவின் கையெழுத்து. அப்பா டாக்டர். டாக்டர்களின் எழுத்து யாருக்கும் புரியாது என்று பரிகாசம் செய்கிறவர்கள் இந்தப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். மருந்துச் சீட்டில் காட்டாத நிதானத்தையெல்லாம் அவர் இதில் காட்டியிருக்கிறார்.

வீட்டை ஒழிக்க வந்தவன் அங்கேயே உட்கார்ந்து புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டேன். 1971 ஜூன் மாதத்திலிருந்து 1979 ஜூன் மாதம் வரை எட்டு வருஷக் கணக்கு. பெட்ரோல் செலவுக்கு வேறு புத்தகம் இருந்திருக்கிறது, அது கிடைக்கவில்லை. இதில் இருப்பது ரிப்பேர் செலவு மட்டுமே. படித்து முடித்தபோது, இது எங்கள் வீட்டுக் காரின் கதை மட்டும் அல்ல, இந்த தேசத்தின் சரித்திரத்தில் ஒரு பகுதி என்று எனக்குத் தோன்றிற்று. ஒரு போல்ட்டின் விலை ஏன் அவ்வளவு, ஒரு மனிதனின் கூலி ஏன் இவ்வளவு என்று கேட்டுக் கொண்டே போனால் டில்லி வரையில் போக வேண்டியிருக்கிறது.

முதல் பற்று இப்படி இருக்கிறது: 'அம்பாஸடர், மார்க் 2, 1964-ம் வருஷத்து வண்டி, ரூ. 9,500.'

ஏழு வயதான வண்டிக்கு ஒன்பதாயிரத்து ஐந்நூறா என்று இந்தக் காலத்து வாசகர் கேட்பார். அந்தப் பணத்துக்கு அன்றைக்கு லால்குடியில் நல்ல நிலமே வாங்கியிருக்கலாம். புதிய கார் வாங்கியிருக்கக் கூடாதா என்றும் கேட்பார். வாங்கியிருக்க முடியாது. அங்கேதான் சரித்திரம் குறுக்கே வருகிறது.

சுதந்திரத்துக்கு முன்பே இந்தியாவில் மோட்டார் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் இரண்டு பேர். பிர்லா குடும்பத்தார் 1942-ல் குஜராத்தில் ஓகா துறைமுகத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸைத் தொடங்கினார்கள். 1948-ல் அது கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவுக்குப் போயிற்று. வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸைத் தொடங்கினார். நம் சென்னையில் 1948-ல் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி வந்தது. இவர்களைத் தவிர ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற அமெரிக்க ஸ்தாபனங்கள், பகுதிகளை மரப் பெட்டியில் கொண்டுவந்து இங்கே முடுக்கி விற்றுக்கொண்டிருந்தன. டாரிஃப் கமிஷன் விசாரித்துச் சொன்ன அபிப்பிராயத்தை ஏற்றுக்கொண்டு, 1953-ல் சர்க்கார் ஒரு முடிவு செய்தது: வண்டியை இங்கேயே செய்வதற்குத் திட்டம் உள்ளவர்கள் இருக்கலாம், பெட்டியைப் பிரித்து முடுக்குகிறவர்கள் போகலாம். அமெரிக்கர்கள் கடையைக் கட்டிக்கொண்டு போனார்கள்.

முடிவில் தவறு இல்லை. அடிமைப்பட்டுக் கிடந்த தேசம் தன் கையால் ஒரு யந்திரம் செய்ய வேண்டும் என்று நினைத்தால் யார் குற்றம் சொல்ல முடியும்? ஆனால் அதற்கப்புறம் நடந்தது வேறு. எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ். வெளிநாட்டிலிருந்து எதைத் தருவிக்கலாம் என்பதற்கு லைசென்ஸ். யாருக்கு எப்போது விற்கலாம் என்பதற்கு 1959-ல் ஓர் உத்தரவு. 1969-ல் விலையையும் சர்க்காரே சட்டபூர்வமாக நிர்ணயித்தது. உற்பத்தியாளர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். காரை ஓர் ஆடம்பரப் பொருள் என்று கருதிய தேசம், ஆடம்பரத்துக்கு இரும்பு ஒதுக்குவதற்கு யோசித்தது.

பலன் என்னவென்றால், வாங்குகிறவர்களுக்கு மூன்று பெயர்கள்தாம் மிஞ்சின. அம்பாஸடர், ஃபியட், 1961-ல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. முன்பணம் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். ஃபியட்டுக்கு வரிசை எல்லாவற்றிலும் நீளம். புதிய காரின் விலை சட்டத்தில் இருந்தது. பழைய காரின் விலை சந்தையில் இருந்தது. ஆகையால் நேற்று வாங்கிய காரை நாளை விற்றால் லாபம் வரும் என்ற விசித்திரம் ஏற்பட்டது. வாங்கியவர் குறிப்பிட்ட காலத்துக்குள் விற்கக் கூடாது என்று விதி செய்து அதைத் தடுக்கப் பார்த்தார்கள். உபயோகித்த பொருள் புதியதைவிட விலை உயர்ந்து நிற்பதை நான் வேறு எந்தச் சாமானிலும் கண்டதில்லை.

இதனால்தான் அப்பா பழைய கார் வாங்கினார். சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து ராத்திரி வேளையில் ஆள் வந்து கதவைத் தட்டுவார்கள். சைக்கிளிலும் மாட்டு வண்டியிலும் போய்ச் சேர்வதற்குள் சில காரியங்கள் முடிந்துவிடும். புதிய கார் வரும் வரை நோயாளிகளைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா?

வாங்குவதற்கு முன்னால், திருச்சி பாலக்கரையில் ஷெட் வைத்திருந்த ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தார். இரண்டாவது யுத்தத்தின்போது பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் தொழில் கற்றவர். அவர் வண்டியைப் பார்த்த விதம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது; அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பளபளப்பையோ மெத்தையையோ அவர் கவனிக்கவே இல்லை. புகைக் குழாய்க்குள் ஒரு விரலை விட்டுத் தடவி வெயிலில் பார்த்தார். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். எஞ்ஜினைக் கிளப்பிச் சற்று நேரம் ஓடவிட்டு, திடீரென்று ஆக்ஸிலேட்டரை அழுத்திவிட்டுப் பின்னால் ஓடிப் போய்ப் புகையைப் பார்த்தார்.

"நீலப் புகை லேசாத் தெரியுது, டாக்டர் ஸார். கறுப்பா வந்தா பெட்ரோல் ஜாஸ்தி குடிக்குதுன்னு அர்த்தம். காரபரேட்டரைத் திருகினாப் போதும். வெள்ளையா விடாம வந்தா தண்ணி உள்ளே போவுது. ஹெட்டு காஸ்கெட்டைப் பார்க்கணும். நீலம்னா ஆயில் எரியுது. இன்னும் ரெண்டு வருஷத்துலே எஞ்ஜினைப் பிரிக்க வேண்டி வரும். இப்பவே ஒரு ஆயிரத்தை எடுத்து வைச்சிடுங்க."

"நாடி பார்க்கிற மாதிரி பார்க்கிறீங்களே, மேஸ்திரி!" என்று அப்பா சிரித்தார். ஆயிரத்தை எடுத்து வைக்கவில்லை.

வண்டியின் குலம் கோத்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் கௌலி என்ற ஊரில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்று ஒரு கார் செய்தார்கள். அதன் மூன்றாம் வரிசை 1956-ல் வெளிவந்து 1959-ல் நின்றுபோயிற்று. அந்தச் சட்டைதான் உத்தர்பாராவுக்கு வந்து, 1957, 58-ம் வருஷ வாக்கில் அம்பாஸடர் ஆயிற்று. பிறந்த ஊரில் மூன்று வருஷம் ஆண்ட உருவம், இங்கே வந்து ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வருஷம் ஆண்டது. மார்க் 2, மார்க் 3 என்று பெயர் மாறியபோதெல்லாம் முகப்புக் கம்பியும் உள்பலகையும் மாறின, உடம்பு மாறவில்லை. எங்கள் வண்டிக்குள் இருந்தது 1,489 ஸி.ஸி. எஞ்ஜின். இதே குடும்பத்து எஞ்ஜின் இங்கிலாந்தில் எம்.ஜி. என்ற பந்தயக் காருக்குள்ளும் ஓடிற்று என்று பின்னாளில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வண்டி பந்தயம் விட்டதெல்லாம் வைக்கோல் வண்டிகளோடுதான்.

இனி நோய்களின் வரிசை. கணக்குப் புத்தகத்தில் இருக்கிறபடியே சொல்லுகிறேன்.

1971 ஆகஸ்டு. 'கிங்பின் செட், இரண்டு பக்கமும். சாமான் 148, கூலி 30.' முன் சக்கரங்கள் இடமும் வலமும் திரும்புவதற்கு ஆதாரமான அச்சாணிகள் இவை. சேறும் புழுதியும் நேராக விழுகிற இடத்தில் இருப்பவை. ஆயிரம் மைலுக்கு ஒரு முறை கிரீஸ் அடித்தால் வருஷக் கணக்கில் உழைக்கும். அடிக்காவிட்டால் தேய்ந்து, நாற்பது மைல் வேகத்தில் ஸ்டீரிங் கையில் நடுங்கும். முன்பு வைத்திருந்தவர் கிரீஸ் அடிப்பதில் மிச்சம் பிடித்திருக்கிறார். சில ரூபாய் கிரீஸை மிச்சம் பிடித்ததற்கு அப்பா 178 ரூபாய் கொடுத்தார். பழைய கார் வாங்குகிறவன், முந்தினவனின் சோம்பேறித்தனத்தையும் சேர்த்தே வாங்குகிறான்.

அதே வருஷம் டிசம்பர். 'பாட்டரி 172.' அந்தக் காலத்து வண்டிகளில் மின்சாரம் செய்தது டைனமோ. இப்போது இருக்கும் ஆல்டர்னேட்டருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம். டைனமோ மெதுவாகச் சுற்றும்போது அநேகமாக ஒன்றும் கொடுக்காது. கிராமத்துத் தெருவில் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போகிற டாக்டர் வண்டியில், பாட்டரியிலிருந்து எடுப்பது அதிகம், போடுவது குறைவு. வருமானத்துக்கு மேல் செலவு செய்யும் குடும்பம் போல ஒரு நாள் காலையில் அது கையை விரித்துவிடும். அப்போது முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றுவது என் பொறுப்பு. எதிர் உதை உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். கட்டை விரலை மடக்காமல் பிடிக்க வேண்டும் என்று மேஸ்திரி எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

1972-ல் மட்டும் நான்கு இடத்தில் 'கீர் ராட் புஷ்' என்று வருகிறது. சாமான் 9, கூலி 6. கீர்க்கம்பி ஸ்டீரிங்கோடு ஒட்டியிருந்தது. கீர்ப்பெட்டி தரையில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே கம்பிகளும் முட்டுகளும் போய்ச் சேர்ந்தன. முட்டு தேய்ந்தால் இரண்டு கீர்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டு, வண்டி நடுத் தெருவில் அசையாமல் நிற்கும். அப்பா கோட்டுடன் இறங்கி, பானெட்டைத் தூக்கி, கம்பியை ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, ஒன்றும் நடக்காதவர் போல் திரும்பி வந்து உட்காருவார். அந்த நாளில் அம்பாஸடர் வைத்திருந்த எல்லாக் கனவான்களும் இந்த வித்தையைக் கற்றிருந்தார்கள்.

கோடைக் காலத்தில் வேறு ஒரு சங்கடம். பெட்ரோல் குழாய் சூடேறி, உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும். பம்ப் ஆவியை இழுக்க முடியாமல் திணறும். ஈரத் துணியைச் சுற்றிக் கால் மணி நேரம் மரத்தடியில் நின்றால் சரியாகிவிடும். இதற்குச் செலவு இல்லை, துணி அம்மாவினுடையது. ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஊற்றி உப்புப் படிந்துபோனதற்கு மட்டும் 1972 மே மாதம் 35 ரூபாய் எழுதியிருக்கிறார்.

மேஸ்திரி குறித்த நாள் தப்பவில்லை. 1973 பிப்ரவரியில் எஞ்ஜினைப் பிரித்தார்கள். பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடி ஓடி, சிலிண்டரின் வட்டம் தேய்ந்து முட்டை வடிவமாகிவிடும். அதைக் கடைந்து மறுபடி வட்டமாக்கி, பெரிய அளவு பிஸ்டன் போடுவதற்குத்தான் 'போரிங்' என்று பெயர். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை மேஸ்திரிகள் 'தௌ' என்பார்கள். எங்கள் வண்டிக்கு நாற்பது தௌ கடைந்தார்கள். அதாவது முன்பே யாரோ ஒரு முறை இருபது கடைந்திருந்தார்கள். 'சாமானும் கடைசலும் 1,065. கூலி 225.' ஆக 1,290 ரூபாய். எட்டு வருஷத்தில் ஒரே தடவையாகச் செலவான பெரிய தொகை இதுதான்.

அந்தப் பதினொரு நாளும் நான் பள்ளிக்கூட விடுமுறையில் ஷெட்டிலேயே இருந்தது போல் நினைவு. பிப்ரவரியில் ஏது விடுமுறை? அம்மாவை ஏமாற்றிவிட்டுப் போயிருக்க வேண்டும்.

இந்தப் பிஸ்டனும் டைனமோவும் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1949-ல் சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கிற்று. 1961-ல் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். வந்து டைனமோ, ஸ்டார்ட்டர் முதலியவற்றைச் செய்தது. 1962-ல் அதே பாடியில் பிரேக்ஸ் இந்தியா. வெளிநாட்டுச் சாமான் வரக்கூடாது என்று கதவைச் சாத்தியதால் இங்கே கைகள் பழகின. இன்று உலகத்துக் கம்பெனிகள் பலவும் சென்னையைச் சுற்றித் தொழிற்சாலை வைத்திருக்கின்றன. அதற்கு அஸ்திவாரம் அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால் போடப்பட்டது. லைசென்ஸ் காலத்தை முழுக்கத் திட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். முழுக்கப் புகழுகிறவர்கள் அடுத்த பக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த பக்கம் என்பது தட்டுப்பாடு. தட்டுப்பாடு இருக்கும் இடத்தில் போலி இருக்கும். அசல் சாமான் வருவதற்கு ஒரு மாதம் ஆகும் என்றால், அதே டப்பாவில் அதே சீட்டு ஒட்டிய வேறு சாமான் நாளைக்கே கிடைக்கும். மேஸ்திரி ஒவ்வொரு சாமானையும் முகர்ந்து பார்ப்பார், நகத்தால் கீறிப் பார்ப்பார். நாங்கள் சிரிப்போம்.

1973 அக்டோபரில் மேற்கு ஆசியாவில் யுத்தம் மூண்டது. அரபு தேசங்கள் எண்ணெயை நிறுத்தின. உலகம் முழுவதும் பெட்ரோல் விலை ஏறிற்று. இந்தியாவிலும் ஒரேயடியாக ஏறிற்று. லால்குடியில் இருந்த டாக்டருக்கு அதனால் என்ன என்றால், அவர் வேறு எதிலாவது குறைக்க வேண்டியிருந்தது. நோயாளிகளிடம் அதிகம் கேட்கும் சுபாவம் அவருக்கு இல்லை. ரிப்பேரில் குறைத்தார். 1974 ஜனவரியில் ஒரு குறிப்பு: 'பிரேக் மாஸ்டர் சிலிண்டர் கிட், 18 ரூபாய். மேஸ்திரி மாற்றச் சொல்லுகிறார். அடுத்த மாதம் பார்க்கலாம்.'

பிரேக் பெடலை அழுத்தினால் சக்கரத்துக்குப் போவது கம்பி அல்ல, திரவம். அதைத் தள்ளுவது ரப்பர்க் கிண்ணங்கள். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியவை. அவைதாம் அந்த 18 ரூபாய். பிரேக் ஆயில் என்பது பெயரளவில்தான் ஆயில். எஞ்ஜின் ஆயிலோ வேறு மண்ணெண்ணெய் வகையோ ஒரு துளி சேர்ந்தாலும் அந்த ரப்பர் ஊதிப் பருத்துவிடும். அந்தக் காலத்து வண்டியில் இந்தத் திரவத்தை ஊற்றும் வாய், டிரைவரின் காலடிப் பலகைக்குக் கீழே மறைந்திருந்தது. கண்ணில் படாத பொருளை எவன் தினம் பார்ப்பான்?

பிப்ரவரி கடைசியில், கசிந்து குறைந்துபோன திரவத்தை அப்பா வழியில் ஒரு கடையில் ஊற்றச் சொன்னார். கடைக்காரன் எதை ஊற்றினானோ, சொல்ல முடியாது. நாலைந்து நாள் பிரேக் கொஞ்சம் இறுக்கமாகவே இருந்தது. நன்றாகப் பிடிக்கிறது என்று அப்பா சந்தோஷப்பட்டார்.

மார்ச் 6-ம் தேதி ராத்திரி, பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகி, திருச்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார். பின் ஸீட்டில் அந்தப் பெண், அவளுடைய மாமியார், ஒரு மருத்துவச்சி. முன்னால் அப்பாவும் நானும்; டார்ச் விளக்குப் பிடிக்க நான் வேண்டும் என்று அழைத்துப் போவது வழக்கம். டோல்கேட்டை நெருங்கும்போது வைக்கோல் வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அப்பா பிரேக்கை அழுத்தினார். பெடல் தரை வரையில் போய்விட்டது. மறுபடி அழுத்தினார். ஒன்றும் இல்லை.

அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கீரை மூன்றுக்கும் இரண்டுக்கும் இறக்கினார். பல் சக்கரம் அலறிற்று. பிறகு கைப்பிரேக்கை முழு பலத்துடன் இழுத்தார். கைப்பிரேக் தனிக் கம்பியில் பின் சக்கரங்களைப் பிடிப்பது. திரவத்தோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. வண்டி பக்கவாட்டில் சறுக்கி, ரஸ்தா வேலைக்காகக் கொட்டியிருந்த மணற்குவியலில் முட்டி நின்றது. கடைசி வைக்கோல் வண்டிக்கும் எங்களுக்கும் நடுவே இரண்டு முழம் இருந்திருக்கும். அந்தப் பெண்ணை வேறொரு லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். விடியும் முன்பு ஆண் குழந்தை பிறந்தது. இருவரும் சௌக்கியம்.

மறுநாள் மேஸ்திரி மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்து, அந்த ரப்பர்க் கிண்ணத்தை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி ஊதியிருந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. "உங்க ஆஸ்பத்திரி ஸ்பிரிட் நாலு பாட்டில் வேணும், ஸார்" என்று மட்டும் கேட்டார். குழாய் முழுவதையும் ஸ்பிரிட் விட்டு அலம்பி, நான்கு சக்கரத்திலும் ரப்பரை மாற்றினார். ராத்திரி ஒன்பது மணி ஆயிற்று. அப்பா பர்ஸை எடுத்தார்.

"சாமானுக்குக் கொடுங்க, ஸார். கூலி வேணாம்."

"ஏன், மேஸ்திரி? நாள் பூரா வேலை செஞ்சிருக்கீங்க."

"ஜனவரி மாசமே நான் வண்டியைப் பிடிச்சு வைச்சிருக்கணும். 'மாத்தினாத்தான் சாவி கொடுப்பேன்'னு சொல்லியிருக்கணும். டாக்டர் ஸார் கிட்டே எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன். அது என் தப்பு."

அப்பா வீட்டுக்கு வந்து வெகு நேரம் அந்தப் புத்தகத்தின் முன் உட்கார்ந்திருந்தார். என்ன எழுதினார் என்பது ஐம்பது வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

1979 ஜூனில் வண்டியை 10,200 ரூபாய்க்கு விற்றார். பதினைந்து வயதான வண்டி, வாங்கிய விலையைவிட 700 ரூபாய் கூடுதலாகப் போயிற்று. தட்டுப்பாட்டின் விந்தை அது. ஆனால் எட்டு வருஷத்து ரிப்பேர்ச் செலவைக் கூட்டிப் போட்டிருக்கிறார்: ரூ. 11,340. மாதத்துக்குச் சுமார் 118 ரூபாய். வண்டியின் விலையைவிட வைத்தியச் செலவு அதிகம்.

அந்தக் கூட்டலுக்குப் பக்கத்தில் அவர் இன்னொரு பிரிவினையும் செய்திருக்கிறார். சாமான் ரூ. 8,730, கூலி ரூ. 2,610. ரூபாய்க்கு நாலணா கூடக் கூலி இல்லை. நான் இந்தப் புத்தகத்தைச் சரித்திரம் என்று சொன்னதற்குக் காரணம் இந்த இரண்டு வரிகள்தாம். இரும்பு கிடைக்காத தேசத்தில் இரும்புக்கு விலை இருந்தது. கைக்கு விலை இல்லை. ஒரு கடைக்காரர் டப்பாவை எடுத்துக் கொடுத்துச் சம்பாதித்தார். புகையின் நிறத்தைப் பார்த்து இரண்டு வருஷம் முன்னதாக வியாதி சொன்னவருக்கு ஆறு ரூபாய், முப்பது ரூபாய். அம்பாஸடர் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடியதை நாம் அதன் உறுதி என்று கொண்டாடுகிறோம். அதன் பாதிப் பெருமை, மாறாத அந்த யந்திரத்தை ஊருக்கு ஊர் மனப்பாடம் செய்து வைத்திருந்த மேஸ்திரிகளைச் சேரும்.

பிறகு காலம் மாறிற்று. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. காத்திருக்கும் வரிசைகள் மெள்ளக் கரைந்தன. 1991-க்குப் பிறகு லைசென்ஸ்களும் கரைந்தன. 2014 மே மாதத்தில் உத்தர்பாராவில் அம்பாஸடர் நின்றது. 2017-ல் அந்தப் பெயரை மட்டும் பெஷோ என்ற பிரெஞ்சுக் கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. சொந்தக் கார் பதினைந்து வயதைத் தாண்டினால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணத்தை 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய் ஆக்கினார்கள். பழைய வண்டியைக் காப்பாற்றுவது ஒரு காலத்தில் கட்டாயமாக இருந்தது. இப்போது அதற்கு அபராதம் போல ஒன்று.

என் மருமகன் சென்ற மாதம் பழைய கார் ஒன்று வாங்கப் போனான். மெக்கானிக் பையன் ஒரு சிறு கருவியை ஸ்டீரிங்குக்குக் கீழே செருகி, வியாதிகளைத் திரையில் எண்களாகப் படித்தான். எனக்கு அதில் வருத்தம் இல்லை; அப்பா காலத்தில் எக்ஸ்ரே வந்தபோது நாடி பார்க்கிறவர்களுக்கு வருத்தம் இருந்திருக்கும். ஆனால் அவன் ஒன்று சொன்னான்: "டைமிங் பெல்ட்டை மாத்தினாங்களான்னு இது காட்டாது, மாமா. பில் இருந்தா பாருங்க. அது அறுந்தா எஞ்ஜினே போயிடும்." எனக்கு உடனே 18 ரூபாய் ரப்பர் ஞாபகத்துக்கு வந்தது. பழைய காரில் செலவு வைப்பது பெரும்பாலும் பெரிய உறுப்புகள் அல்ல. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று யாரோ தள்ளிப்போட்ட சிறிய உறுப்புகள். ஆகையால் மருமகனிடம், வண்டியைப் பார்ப்பதற்கு முன் முன்னவரின் பில்களைக் கேள் என்றேன். பில் வைத்திருக்கிறவர் வண்டியையும் வைத்திருப்பார்.

இனி அப்பா எழுதியது. 1974 மார்ச் 7-ம் தேதிக்கு நேராக: 'பிரேக் ரப்பர் முழுதும், சாமான் 82. கூலி, வாங்க மறுத்துவிட்டார். தவறு என்னுடையது.' அதற்கடுத்த பக்கத்திலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும், முன் பக்கத்துத் தொகையைக் கொண்டுவரும் இடத்தில், ஒரு வரி கூடவே வருகிறது: 'மேஸ்திரிக்குப் பாக்கி.' ரூபாய் எழுதும் கட்டம் காலியாக இருக்கிறது. 1979-ல் வண்டியை விற்றுக் கணக்கை முடித்த கடைசிப் பக்கத்திலும் அந்த வரி இருக்கிறது. கட்டம் அங்கேயும் காலிதான்.